மண்பானை முன்வரிசைக்கு வந்த கதை

2022 ஜனவரியில சோமனூர் திடீர்னு அமைதியாயிடுச்சு. கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரங்க வேலைநிறுத்தம் ஆரம்பிச்ச நேரம் அது. இந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும், இங்க அமைதிங்கறது நல்ல சகுனம் இல்லை. தறிச் சத்தம் நின்னா ஒண்ணு கரண்ட் போயிருக்கணும், இல்ல ஏதோ பிரச்சினை. தறிக்குடோனுக்குப் பக்கத்து வீட்டுல பொறந்த குழந்தைங்க சத்தம் நின்னாத்தான் முழிச்சுக்கும்னு எங்கம்மா சொல்லும். நானும் அப்படி வளர்ந்தவன்தான்.

எங்க மாமாவோட தறிக்குடோன்ல எட்டுத் தறி. ஓடாத நாள்ல எண்ணெய் போடுறது, பஞ்சு தட்டுறது, தேஞ்ச சாமான் மாத்துறதுன்னு ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் வந்து போவாரு. நான் அப்ப ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன். குடோன்ல உக்காந்து பாட்டுப் போட்டேன். சினிமாப் பாட்டு இல்லை. 1975ல அமெரிக்காவுல பதிவான 'சக்தி' குழுவோட முதல் ஆல்பம். பதினெட்டு நிமிஷத்துக்கு மேல ஓடுற முதல் உருப்படியை அவர் ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டாரு. முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி:

"ஏந் தம்பி, இதுல மெயினு யாருங்க?"

பாட்டுக்காரர் யாரு, யாருக்கு மத்தவங்க வாசிக்கறாங்கன்னு அவர் கேக்கறாரு. நான் "கிட்டார் வாசிக்கிற வெள்ளைக்காரர்ணா"ன்னு சொல்லிட்டேன். அவர் நம்பலை. "அப்பறம் எதுக்கு அந்தப் பானை அவ்ளோ நேரம் பேசுது?"ன்னாரு. நான் சொன்ன பதில் தப்புன்னு எனக்கும் தெரியும். சரியான பதில் என்னன்னு தேடிப் படிச்சதோட குறிப்புதான் இது.

முதல்ல கச்சேரி மேடையைப் பத்தி ஒரு வார்த்தை. கர்நாடக சங்கீத மேடையில உக்கார்ற இடமே ஒரு இலக்கணம். நடுவுல பாடகர். ஒரு பக்கம் வயலின், ஒரு பக்கம் மிருதங்கம். இந்த ரெண்டும் பக்கவாத்தியம். கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் உபபக்கவாத்தியம். பெரும்பாலும் இடம் பின்னாடி. நோட்டீஸ்ல பேர் கடைசியில வரும், சன்மானமும் அந்த வரிசைப்படிதான். சபாக்காரங்களுக்குப் பணம் இழுத்தா முதல்ல வெட்டுப்படறது கடம். தனி ஆவர்த்தனத்துல மிருதங்கம் வாசிச்சு முடிச்சதுக்கு அப்புறம், மிருதங்க வித்வான் தலையாட்டினாத்தான் பானைக்குப் பேச வாய்ப்பு. எங்க ஊர் மொழியில சொன்னா, கடம் ஒரு ஜாப் ஒர்க் வாத்தியம். பாவும் ஊடையும் வேற ஒருத்தரது. நெஞ்சு குடுக்கறதோட சரி, துணியில பேர் இருக்காது.

இத்தனைக்கும் அது லேசுப்பட்ட வாத்தியம் இல்லை. மானாமதுரைக் கடம்னா உலகம் பூரா பேரு. சமையல் பானை மாதிரி இருக்கும், தூக்கினாத்தான் கனம் தெரியும். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனா வரணும், சூளையில ஒரே சீரா வேகணும். மிருதங்கத்துல வாரை இழுத்து சுருதி ஏத்தலாம், இறக்கலாம். பானைக்கு அந்த வசதி இல்லை. சூளைக்குள்ள என்ன சுருதி அமைஞ்சுதோ அதுதான், ஒரு நூல் அளவு கூட்டிக் குறைக்கறதே பெரும்பாடு. அதனால கடக்காரர் பாடகரோட சுருதிக்குத் தகுந்த மாதிரி நாலஞ்சு பானை வெச்சிருப்பாரு. வாயை வயித்துல அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தி கும்கி வரவைக்கறாரு பாருங்க, அங்க வாசிப்பவரோட உடம்பே வாத்தியத்துல பாதி.

இப்ப 1958க்குப் போலாம். அந்த ஒரே வருஷத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ரெண்டுக்கும் அப்ப ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஒண்ணு மெட்ராஸ்ல. மிருதங்க ஆசிரியர் டி.ஆர். ஹரிஹர சர்மா ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவைத் தொடங்கினாரு. அவர் மகன் விநாயக்ராம், 1942ல பொறந்தவர், பதிமூணு வயசுலயே மேடை ஏறின கடக்காரப் பையன். 'விக்கு'ங்கற பேரு பின்னாடி ஒட்டிக்கிச்சு. 1966ல எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில பாடினப்ப மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் இந்த விநாயக்ராம். அப்ப அவருக்கு வயசு 24. அதுக்கு மேல ஒரு உபபக்கவாத்தியக்காரருக்கு என்ன உசரம் இருக்கு? இருந்தாலும் அது உபபக்கவாத்தியம்தான்.

இன்னொண்ணு இலங்கையில. யாழ்ப்பாணத்துல வி. லட்சுமிநாராயணன்னு ஒரு வயலின் வித்வான் இசைப் பேராசிரியரா இருந்தாரு. 1958 கலவரத்துல அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பி மெட்ராஸ் வந்துச்சு. அவரோட மூணு பசங்களும் வயலின். மூத்தவர் எல். வைத்தியநாதனை உங்களுக்குப் பேர் சொன்னாத் தெரியாம இருக்கலாம், 'மால்குடி டேஸ்' தொடரோட இசைன்னா தெரிஞ்சிரும். 'ஏழாவது மனிதன்' படமும் அவருதான். நடுவுல எல். சுப்ரமணியம். கடைக்குட்டி எல். சங்கர், 1950ல பொறந்தவர். பாட்டுக்குப் பின்னாடி போறதுக்குத்தான் வயலின்னு இருந்த காலத்துல, வயலினே தனியா நின்னு கச்சேரி செய்யும்னு அந்த அப்பா பசங்களை வளர்த்தாரு. இது முக்கியம். பக்கவாத்தியத்தை மையத்துக்குக் கொண்டு வர்ற ஆசை அந்த வீட்டுல ஏற்கனவே இருந்துச்சு. சக்தி அதைக் கண்டுபிடிக்கலை.

கடைக்குட்டி சங்கர் 1969ல அமெரிக்கா போனாரு. கனெக்டிகட் மாநிலத்துல மிடில்டவுன்னு ஒரு சின்ன ஊர், அங்க வெஸ்லியன் பல்கலைக்கழகம். தமிழிசை வரலாறு எழுதறவங்க இந்த ஊருக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கணும். 1960கள்ல இருந்தே அங்க கர்நாடக சங்கீதம் முறையான பாடம். நடனக் கலைஞர் பாலசரஸ்வதியோட தம்பிங்க ரெண்டு பேரும், மிருதங்கம் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும், அங்க வாத்தியாரா இருந்தாங்க. ராம்நாட் ராகவன் மிருதங்கம் சொல்லிக் குடுத்தாரு. டாக்டர் எஸ். ராமநாதன் அங்க இருந்தப்ப அவர்கிட்ட வீணை கத்துக்க ஒரு ஆங்கிலேய கிட்டார்க்காரர் வந்தாரு. ஜான் மெக்லாக்லின்.

அந்த மாணவர் அப்ப சாதாரண ஆள் இல்லை. 1942ல யார்க்‌ஷயர்ல பொறந்தவர். 1969ல மைல்ஸ் டேவிஸோட ஜாஸ் ஆல்பங்கள்ல வாசிச்சவர். 1971ல ஆரம்பிச்ச மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராங்கற குழுவால ராக் ரசிகர்கள் மத்தியிலயும் பெரிய பேர். இரட்டைக் கழுத்து எலக்ட்ரிக் கிட்டார், மலை மாதிரி ஆம்ப்ளிஃபயர்கள், காது கிழியற சத்தம். அந்த மனுஷன் அத்தனையையும் ஓரமா வெச்சுட்டு, சம்மணம் போட்டுத் தரையில உக்காந்து வீணை பழகினாருங்கறதை கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வருமானம் ஓடிக்கிட்டிருக்கற தறியை நிறுத்திட்டு கைத்தறிக் குழியில இறங்கறதுக்குச் சமம்.

வயலின் சங்கரும் கிட்டார் ஜானும் சேர்ந்தாங்க. பம்பாயில இருந்து போய் கலிஃபோர்னியாவுல இருந்த தபலா ஜாகிர் ஹுசைன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் ராகவன். ஐந்து பேர் ஆச்சு. 1975 ஜூலை 5ஆம் தேதி நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்ட் சௌதாம்ப்டன் கல்லூரியில நடந்த கச்சேரியோட பதிவுதான் முதல் ஆல்பமா வந்துச்சு. அன்னைக்கு ஜாகிருக்கு 24, சங்கருக்கு 25, விநாயக்ராமுக்கு 32, ஜானுக்கு 33. ராகவன் மட்டும் மூத்தவர். நாம இன்னைக்குப் படத்துல வெள்ளை முடியோட பார்க்கிற ஆளுங்க இல்லை இவங்க. பசங்க. வேகத்தைக் கேட்டாலே தெரியும்.

சக்திதான் முதல் முயற்சியான்னா, இல்லை. பத்து வருஷம் முன்னாடியே லண்டன்ல கல்கத்தாக்காரர் ஜான் மேயரும் ஜமைக்கா சாக்ஸஃபோன்காரர் ஜோ ஹாரியட்டும் இந்தோ-ஜாஸ் முயற்சி செஞ்சாங்க. அந்தக் குழுவுக்குப் பேரே இரட்டை ஐவர் குழு: அஞ்சு பேர் இந்திய வாத்தியம், அஞ்சு பேர் ஜாஸ். நல்லாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு வீட்டுக்காரங்க கல்யாண மண்டபத்துல எதிரெதிர் வரிசையில உக்காந்திருக்கற மாதிரி ஒரு உணர்வு எனக்கு. சக்தியில வரிசையே கிடையாது.

அதுக்கு என்ன காரணம்னு பார்த்தா, ஒவ்வொருத்தரும் ஒண்ணை விட்டுக் குடுத்திருக்காங்க. ஜாஸ்ல உசிரு மாதிரி இருக்கறது கார்டு. பாட்டு நகர நகர கார்டுகள் மாறும், அந்த மாற்றத்து மேலதான் கற்பனை பண்ணி வாசிப்பாங்க. ராகத்துல அந்த மாற்றத்துக்கு இடமில்லை. ஆதார சட்ஜம் அசையாது. சக்தியில பெரும்பாலும் சுருதிதான் ஜெயிச்சிருக்கு. ஜாஸ் குழுவுல இருக்கற டிரம்ஸ் இல்லை, பாஸ் கிட்டார் இல்லை, பியானோ இல்லை, கரண்டும் இல்லை.

கிட்டாரையே மாத்தினாங்க. சாதாரண கிட்டார்ல கமகம் வராது. கம்பியை அழுத்தினா விரல் மரத்துல முட்டிடும், அதுக்கு மேல இழுக்க வழியில்லை. கிப்சன் கம்பெனியில இருந்த ஏப் வெக்டர்ங்கற கைவினைஞர் ஜானுக்குன்னு ஒரு அக்கவுஸ்டிக் கிட்டார் செஞ்சாரு. மெட்டுகளுக்கு நடுவுல மரத்தைக் குழிவா செதுக்கி எடுத்துட்டாங்க. வீணையில மெட்டுக்கு நடுவுல விரலுக்கு இடம் இருக்கில்ல, அதே தத்துவம். சத்தத் துவாரத்துக்கு மேல குறுக்கால ஏழு கம்பி கட்டி தம்புரா மாதிரி ரீங்காரத்துக்கு வெச்சாங்க. இதை ஃபிட்டர் அண்ணன்கிட்ட சொன்னப்ப அவருக்கு வேற எதுவும் விளங்கலைன்னாலும் இது உடனே விளங்குச்சு. "கம்பெனிக்காரன் குடுத்த தறியை நம்ம நூலுக்கு ஏத்தாப்பல மாத்திக்கறதுதானுங்க"ன்னாரு. அதேதான்.

ஜாகிரும் விநாயக்ராமும் செஞ்சதை ஜாஸ் ரசிகர்கள் அவ்வளவா கவனிக்கறதில்லை. எனக்கு அதுதான் பெருசாப் படுது. வெள்ளைக்காரரும் தமிழரும் சேர்ந்து வாசிச்சது ஒரு அதிசயம்னா, வடக்கும் தெற்கும் சேர்ந்தது இன்னொண்ணு. இந்துஸ்தானியில தபலா சுழற்சியைக் காப்பாத்தும். இன்ன தாளத்துக்கு இன்ன தேக்கான்னு உண்டு, பாடறவர் அது மேல மிதப்பாரு. நம்ம மிருதங்கம் அப்படித் தாளத்தை எண்ணிக்கிட்டு உக்காராது. அந்த வேலையைப் பாடகரோட கை பார்த்துக்கும். மிருதங்கம் சாகித்தியத்தோட நெளிவுசுளிவு கூடவே ஓடும். ரெண்டும் ரெண்டு வேற உத்தியோகம். ஜாகிரோட அப்பா அல்லா ரக்காவுக்குத் தென்னாட்டுக் கணக்கு மேல ஆசை உண்டு. 1968ல ஜாஸ் டிரம்மர் படி ரிச்சோட சேர்ந்து ஒரு ஆல்பமும் போட்டவர். மகனுக்கு ரெண்டு பக்கக் கதவும் வீட்டுலயே திறந்திருந்துச்சு.

ஜாஸும் தனி ஆவர்த்தனமும் எங்க சரியா சந்திக்குதுன்னா, குறைப்புல. நம்ம மேடையில மிருதங்கம் ஒரு நாலு ஆவர்த்தனம் வாசிக்கும், கடம் அதுக்குப் பதில் சொல்லும். அப்புறம் ரெண்டு ரெண்டா, ஒண்ணு ஒண்ணா, அரை, கால்னு சுருங்கி, ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து மோரா, கோர்வைன்னு முடியும். ஜாஸ்லயும் இப்படி ஒண்ணு இருக்கு: ஒருத்தர் நாலு தாளக்கட்டு வாசிக்க, அடுத்தவர் நாலு வாசிக்க, அது ரெண்டாச் சுருங்கும். ரெண்டு ஊரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஒரே விளையாட்டைக் கண்டுபிடிச்சிருக்கு. நம்மூர்ல அதைத் தாளவாத்தியக்காரங்க அவங்களுக்குள்ளதான் ஆடுவாங்க. சக்தியில வயலின் கேள்வி கேட்க கிட்டார் பதில் சொல்லும், கிட்டார் கேட்டதுக்கு தபலா சொல்லும், தபலா கேட்டதுக்குக் கடம் சொல்லும். கேள்வி யார்கிட்ட இருந்தும் வரலாம். அண்ணன் கேட்ட 'மெயினு யாரு'க்கு விடை அந்த இடத்துலதான் இருக்கு: அந்த நிமிஷத்துல யார் கேள்வி கேக்கறாங்களோ அவங்க.

எங்க குடோன்லயும் அப்படித்தான். ஒரு தறி ஓடினா ஒரு தாளம். பக்கத்துத் தறியையும் போட்டா ரெண்டும் ஒரே வேகம் மாதிரித் தெரியும், இருக்காது. கொஞ்சங் கொஞ்சமா விலகி, எதிரெதிரா அடிச்சு, சுத்தி வந்து ஒரு அடியில ஒண்ணாச் சேரும். அடுத்த அடியில மறுபடி பிரியும். எட்டுத் தறியில எது மெயின்னு கேட்டா என்ன சொல்றது?

ரெண்டாவது ஆல்பத்துல ராகவன் இல்லை. நாலு பேர்தான், விநாயக்ராம் கடத்தோட மிருதங்கமும் வாசிச்சிருக்காரு. அதோட முதல் உருப்படி கொன்னக்கோல்ல ஆரம்பிக்குது. தகதிமி சொல்லிக்கிட்டு ரெண்டு தாளக்காரங்க வாயாலேயே குழுவைத் துவக்கி வைக்கறாங்க. நம்ம கச்சேரியில கொன்னக்கோலுக்கு இருக்கற இடத்தை நினைச்சுப் பாருங்க. மேடையிலிருந்தே கிட்டத்தட்ட மறைஞ்சு போன கலை அது. அதை ஒரு மேல்நாட்டு ரெக்கார்டோட முதல் சத்தமா வெச்சிருக்காங்க. அதே 1976ல சுவிட்சர்லாந்து மோன்த்ரோ ஜாஸ் விழாவுல வாசிச்ச காட்சி பதிவா கிடைக்குது. பார்த்தீங்கன்னா நாலு பேரும் தரையில, ஒரே மேடைமேல, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பின்வரிசைன்னு ஒண்ணு இல்லவே இல்லை.

இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். முதல் ஆல்பத்தோட பேரு 'சக்தி' மட்டும் இல்லை. 'ஜான் மெக்லாக்லினோட சக்தி'ன்னு இருக்கும். கம்பெனிக்கு விக்கற பேரு அதுதான். அந்த ஆல்பத்துல மூணே உருப்படி. இசையமைச்சது யாருன்னு போட்டிருக்கற இடத்துல மெக்லாக்லின் பேரும் சங்கர் பேரும்தான். தபலா, கடம், மிருதங்கம் மூணு பேரும் வாசிச்சவங்க பட்டியல்ல மட்டும். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுற மூணாவது உருப்படியைக் கேட்டீங்கன்னா அதுல பாதி யாரோட படைப்புன்னு காதுக்கே தெரியும். மெட்டுன்னா இசையமைப்பு, கோர்வைன்னா வாசிப்புன்னு ஒரு கணக்கு இருக்கில்ல, அது நம்ம சபாவுலயும் இருக்கு, நியூயார்க்லயும் இருந்திருக்கு. மேடையில முன்னாடி வந்த பானை, ரெக்கார்டு உறையில பின்னாடிதான். இதை ஜான் மெக்லாக்லின் மேல குறையாச் சொல்லலை. அந்தத் தொழிலே அப்படித்தான் நடந்துச்சு.

மூணு ஆல்பத்தோட, 1978ல குழு கலைஞ்சுது. எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பழகின கூட்டத்துக்கு இது புதுசு, விற்பனையும் அந்த அளவுக்கு இல்லை. விநாயக்ராம் ஊருக்கு வந்து வித்யாலயாவைப் பார்த்துக்கிட்டாரு. அங்க படிச்சு வந்த சுகன்யா ராம்கோபால் கடம் எடுத்தப்ப, பொண்ணு கூட வாசிக்க மாட்டோம்னு ஒதுங்கின மிருதங்கக்காரங்க உண்டு. பின்வரிசைக்குள்ளயும் ஒரு பின்வரிசை. அவங்க அதுக்குப் பதிலா ஆறேழு பானையை அரைவட்டமா வெச்சு ஜலதரங்கம் மாதிரி ராகம் வாசிக்கற கட தரங்கத்தை உருவாக்கிட்டாங்க. 1991ல மிக்கி ஹார்ட்டோட 'பிளானட் டிரம்' ஆல்பத்துல ஜாகிரும் விநாயக்ராமும் வாசிச்சாங்க. வேர்ல்ட் மியூசிக்குன்னு கிராமி விருதுல புதுசா ஆரம்பிச்ச பிரிவுல முதல் விருது அதுக்கு. அந்த ஆல்பத்துல பாடகர் மையம் கிடையாது, முழுக்கத் தாளம்.

1997ல சக்தி மறுபடி கூடுச்சு. போகப் போக வயலின் இடத்துல மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விநாயக்ராம் இடத்துல அவர் மகன் செல்வகணேஷ், அப்புறம் சங்கர் மகாதேவன் குரல். 2014ல ஸ்ரீநிவாஸ் 45 வயசுல போயிட்டாரு. 2023ல வயலின் கணேஷ் ராஜகோபாலனோட வந்த புது ஆல்பத்துக்கு 2024 பிப்ரவரியில கிராமி கிடைச்சுது. அதே வருஷம் டிசம்பர் 15ல ஜாகிரும் காலமானாரு. ஜான் மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து 2007லயே கொன்னக்கோல் சொல்லிக் குடுக்கிற டிவிடி ஒண்ணு போட்டிருக்காங்க. வெஸ்லியன்ல வீணை கத்துக்க வந்தவர், கடக்காரர் மகனோட சேர்ந்து தகதிமி பாடம் நடத்தறாரு.

வேலைநிறுத்தம் முடிஞ்சு தறி ஓட ஆரம்பிச்சப்புறம் ஒரு நாள் அண்ணன் வந்தாரு. நான் தேடிப் படிச்சதையெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன், சத்தத்துல பாதி அவருக்குக் கேட்டிருக்காது. ஜாஸ், வெஸ்லியன், கிராமி எதுலயும் அவர் முகம் மாறலை. கடைசியா, அந்தப் பானைக்காரர் மகன்தான் 'வெண்ணிலா கபடி குழு' படத்துக்கு மியூசிக்குன்னு சொன்னேன். எண்ணெய்க் கேனைக் கீழ வெச்சுட்டாரு.

"அந்த லேசாப் பறக்குது பாட்டா? டைட்டில்ல பேரு போட்டிருப்பாங்களா தம்பி?"

போட்டிருப்பாங்கண்ணா, இசை: வி. செல்வகணேஷ்னு தனியா வரும்னேன். செல்போன்ல போட்டுக் காட்டச் சொன்னாரு. மூணாம் நம்பர் தறியை மட்டும் நிறுத்திட்டு, ரெண்டு பேரும் குனிஞ்சு நின்னு பார்த்தோம்.